ஆறு மணிக்குள் மதராஸ்

மதராஸில் படித்த முதல் எட்டு மாதங்களும் நான் என் அப்பாவுக்குப் பொய் எழுதிக்கொண்டிருந்தேன்.

பெரிய பொய்கள் இல்லை. மயிலாப்பூர் தெப்பக்குளம் முழுக்கத் தாமரை பூத்துக் கிடக்கிறது என்று ஒரு கடிதத்தில் எழுதினேன். அடையாற்று ஆலமர நிழலில் உட்கார்ந்து பாடம் படித்தேன் என்று இன்னொன்றில். சாந்தோம் கடற்கரையில் நின்றால் கலங்கரை விளக்கம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும் என்று வேறொன்றில். உண்மையில் நான் கண்ட பட்டணம் விடுதியும் வகுப்பும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் லஸ் முனையிலுள்ள தபால் பெட்டிவரை போய் வருவேன். அவ்வளவே.

எங்கள் ஊர் யாழ்ப்பாணம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பெண்பிள்ளையைக் கடல் தாண்டிப் படிக்க அனுப்பினார் என்பதற்காக உறவுக்காரர்களில் பாதிப்பேர் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆகவே என் கடிதம் வந்தால் மீதிப்பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து அதை உரக்க வாசிப்பார் என்று தங்கை எழுதியிருந்தாள். அப்படிப்பட்டவருக்கு ‘இன்றைக்கும் சாம்பார், இன்றைக்கும் பரீட்சை’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம், மாசி மாதத்தில் அப்பாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவருடைய சிநேகிதர், ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர், சிதம்பர தரிசனத்துக்கு வருகிறாராம். அப்படியே மதராஸுக்கும் வந்து இரண்டு நாள் தங்குவாராம். ‘பட்டணம் உனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று சொல்லியிருக்கிறேன். நீ எழுதிய இடங்களையெல்லாம் அவருக்குச் சுற்றிக் காட்டு.’ அவர் வர இன்னும் பத்து நாள் இருந்தது.

கடிதத்தை என் வகுப்புத் தோழியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் மயிலாப்பூர்க்காரி, வீட்டிலிருந்து கல்லூரிக்கு வருகிறவள். தாமரையும் ஆலமரமும் அவள் வாயிலிருந்து வந்தவைதான். நான் கேட்டு எழுதினேன். அவள் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அவர் வந்தால் நான் என்னத்தைக் காட்டுறது?” என்றேன்.

“அசடே, இதுக்குப் போய் அழுவாளா? சனிக்கிழமை ஒரே நாள்ல எல்லாத்தையும் பாத்துடலாம். கார்த்தால எங்காத்துக்கு வந்துடு. நான் கூட்டிண்டு போறேன்.”

‘எங்காத்துக்கு’ என்றால் வீட்டுக்கு என்று அதற்குள் எனக்குப் பழகிவிட்டிருந்தது. முதல் வாரத்தில் அவள் ‘ஆத்துல அம்மா காத்துண்டிருப்பா’ என்று சொன்னபோது, இவளுடைய அம்மா எதற்காக ஆற்றில் போய்க் காத்திருக்க வேண்டும் என்று யோசித்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஆறு என்று சொல்லும்படியான ஆறு கிடையாது. கிணறு உண்டு, குளம் உண்டு, சுற்றிலும் கடல் உண்டு. ரயிலில் வரும்போது பாலத்தின் மேலிருந்து பார்த்ததுதான் எனக்கு ஆறு.

விடுதியில் ஒரு விதி இருந்தது. விடுதிப் பெண்கள் தபால் பெட்டியைத் தாண்டி வெளியே போவதானால் இரண்டு பேராகப் போக வேண்டும், மாலை ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும். இரண்டாவது ஆளுக்கு நான் கேட்கக்கூடியவள் ஒருத்தியே, என் அறைத்தோழி. ரங்கூனில் பிறந்து வளர்ந்தவள். யுத்தத்தின்போது ஜப்பான்காரன் குண்டு போட்டதும் குடும்பத்தோடு நடந்தே இந்தியாவுக்கு வந்தவள் என்று மற்றவர்கள் சொல்லித் தெரியும். அவளாக ஒன்றும் சொன்னதில்லை. வகுப்பு விட்டால் அறை. அறையில் ஒரு சின்னத் தகரப் பெட்டியும் அவளும். எட்டு மாதத்தில் நாங்கள் இரண்டு பேரும் பேசிய பேச்சையெல்லாம் கூட்டினால் ஒரு மணி நேரம் தேறாது.

“சனிக்கிழமை முழுக்கவா?” என்று கேட்டாள்.

“ஓம். நீ வராட்டி என்னை விடமாட்டினம்.”

தகரப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். “சரி, வர்றேன்” என்றாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மூவரும் தெப்பக்குளக் கரையில் நின்றோம். மயிலாப்பூர்க்காரி கையில் ஒரு பட்டியல். கோயில், சாந்தோம், தியாகராய நகர், ஆலமரம், அடையாற்றுக் கடற்கரை. ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம் எழுதியிருந்தாள்.

குளத்தில் ஒரு தாமரைகூட இல்லை. பச்சைத் தண்ணீரும் படித்துறையில் துணி பிழிகிறவர்களும் நடுவில் நீராழி மண்டபமும்தான்.

“தாமரை எங்கையடி?” என்றேன்.

“நான் சின்னக் குழந்தையா இருக்கறச்சே இருந்துதுன்னு அம்மா சொல்லியிருக்கா.”

ரங்கூன்காரி அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். எட்டு மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பும் அதுதான்.

கோயிலுக்குள் போய்ப் பிரகாரம் சுற்றினோம். நான் கோபுரத்தின் நிலைகளை எண்ணி நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். போஸ்ட் மாஸ்டர் கேட்பார் அல்லவா? அங்கிருந்து சாந்தோமுக்கு நடந்தோம். தேவாலயத்தின் வெள்ளைக் கூம்பு, உள்ளே வண்ணக் கண்ணாடி வழியே தரையில் விழுந்த சிவப்பும் நீலமும், இவையெல்லாம் நான் எழுதியதைவிட அழகாகவே இருந்தன. பின்புறம் கடற்கரைக்கு இறங்கினோம். கலங்கரை விளக்கம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. அது வடக்கே, வெகுதூரத்தில் ஹைகோர்ட் கட்டடத்தின் உச்சியில் இருக்கிறது என்று மயிலாப்பூர்க்காரி மெதுவாகச் சொன்னாள்.

நாங்கள் இருவரும் சேலையைத் தூக்கிக்கொண்டு அலையில் கால் நனைத்தோம். ரங்கூன்காரி ஈர மணலுக்கே வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் மேட்டில் நின்று எங்கள் கைப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தியாகராய நகருக்கு பஸ். பெட்ரோல் பஞ்சம் இன்னும் தீரவில்லை. பின்பக்கம் ஒரு கரி அடுப்பைச் சுமந்துகொண்டு, புகையைத் துப்பிக்கொண்டு ஓடும் பஸ் அது. மேடு வந்தால் திணறியது. கண்டக்டர் இறங்கி அடுப்பைக் கிளறிவிட்டு வந்து ஏறினார். பட்டியலின் நேரம் அங்கேயே முக்கால் மணி பிசகிவிட்டது. பாண்டி பஜாரில் ஜவுளிக் கடைகளின் வாசலில் நின்று சேலைகளைப் பார்த்தோம். துணிக்கும் ரேஷன் இருந்த காலம். ஒரு கடையில் திருநெல்வேலிப் பக்கத்து முதலாளி என் பேச்சைக் கேட்டுவிட்டு, “அம்மா மலையாளமா?” என்று கேட்டார். தமிழ்தான் என்றேன். நம்பாமல் தலையை ஆட்டினார்.

மத்தியானச் சாப்பாடு மயிலாப்பூர்க்காரியின் அத்தை வீட்டில் என்று ஏற்பாடு. புதிதாகக் கட்டிய வீடு, முன்னால் தோட்டம். அத்தை அன்பானவள்.

“வாங்கோ, வாங்கோ. சிலோனா? அவ்வளவு தூரத்திலேர்ந்தா? தமிழ் நன்னாப் பேசறயே!”

“எங்களுக்கும் தமிழ்தான் மாமி.”

“அப்படியா! எனக்குத் தெரியாது போ.”

எங்கள் இருவருக்கும் முன்கூடத்தில் இலை போட்டாள். மயிலாப்பூர்க்காரிக்கு உள்ளே. “நானும் இங்கேயே உக்காந்துக்கறேன்” என்று அவள் பிடிவாதமாக எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அத்தை அவளுடைய இலையையும் கொண்டுவந்து அங்கேயே போட்டாள். ரேஷன் காலத்திலும் வஞ்சனையில்லாமல் பரிமாறினாள். கதம்பச் சாம்பார், உருளைக்கிழங்குக் கறி, சேமியாப் பாயசம். சாப்பிட்டு முடிந்து நாங்கள் இலையை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டோம். திரும்பி வந்தபோது நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் அத்தை தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். மயிலாப்பூர்க்காரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் ஊரிலும் அதே துடைப்பு வேறு ஆட்களுக்கு நடக்கும். எனக்கு அதைப் பற்றிக் கோபப்பட உரிமை இருந்ததாகத் தோன்றவில்லை.

காபி குடிக்காமல் போகக்கூடாது என்றாள் அத்தை. பால்காரன் வர மூன்று மணியாயிற்று.

ஆகவே ஜட்கா பிடித்தோம். வண்டிக்காரர் நரைத்த தாடி வைத்த ஒரு சாயபு. குதிரையோடு உருதுவிலும் எங்களோடு தமிழிலும் பேசிக்கொண்டு வந்தார்; எங்களை மட்டும் மகளே என்பதற்கு உருதுவில் ‘பேட்டி’ என்று கூப்பிட்டார். மாம்பலத்திலிருந்து அடையாறு போய்ச் சேரும்வரை, இடப்பக்கம் பாருங்க, வலப்பக்கம் பாருங்க என்று அவரும் எங்களுக்கு ஊர் காட்டினார். ஆற்றுப் பாலத்தில் வண்டி ஏறியபோது குதிரையை மெதுவாக நடத்தினார்.

“நல்லா பாத்துக்குங்க, பேட்டி. அதோ தெரியுது பாருங்க, அதான் முகத்துவாரம். ஆறு கடலோட சேர்ற எடம்.”

அங்கே பாடம் படித்தேன் என்பதைத் தவிர, ஆலமரத்தைப் பற்றி நான் எழுதியது பொய்யில்லை. எழுதியது போதாது என்றுகூடச் சொல்லலாம். எது தாய்மரம், எது விழுது என்று கண்டுபிடிக்கவே எங்களுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. விழுதுகளுக்கு நடுவே நடந்தால் வெயில் சல்லடையில் சலித்ததுபோல் விழுந்தது. உட்கார்ந்தோம். ரங்கூன்காரி ஒரு விழுதில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவள் அப்படி உடம்பைத் தளர்த்தி நான் அறையில்கூடப் பார்த்ததில்லை. எழுப்ப மனமில்லாமல் அரை மணி நேரம் இருந்துவிட்டோம்.

கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. குதிரைக்குப் புல் காட்டிவிட்டு வந்து எங்களை ஏற்றிக்கொள்வதாகச் சாயபு சொல்லியிருந்தார். ஐந்து மணிக்கு வந்தார். வண்டி இல்லை. குதிரையைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். அது நொண்டியது.

“லாடம் கழண்டுகினு பூட்ச்சு, பேட்டி. கல்லு குத்தி ரத்தம் வருது. இதப் போய் வண்டில கட்டமாட்டேன். மன்னிச்சுக்குங்க.” வந்து சொல்ல வேண்டுமே என்பதற்காக மட்டும் அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார். போகும்போது திரும்பிப் பார்த்து, “பாலத்து மேலயே போயிடுங்க. முகத்துவாரம் பக்கம் போவாதீங்க” என்றார்.

அவர் அப்படிச் சொல்லியிராவிட்டால் எங்களுக்கு முகத்துவாரத்தின் நினைப்பே வந்திருக்காது என்று பிற்பாடு மயிலாப்பூர்க்காரி வாதாடுவாள்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். பாலத்துக்குத் திரும்பிப் போய், மந்தைவெளி வழியாக விடுதிக்கு நடந்தால் ஆறரைக்கு மேல் ஆகும். கடலோரமாகவே வடக்கே நடந்து முகத்துவாரத்தைத் தாண்டினால் அக்கரையில் மீனவர் குப்பம், அதற்கு அப்பால் சாந்தோம். ஓட்டமும் நடையுமாகப் போனால் ஆறு மணிக்குப் போய்விடலாம்.

“வெயில் காலத்துல மணல் அடைச்சுண்டுடும். எங்கண்ணாவெல்லாம் நடந்தே தாண்டியிருக்கா” என்றாள் மயிலாப்பூர்க்காரி.

“இது வெயில் காலம் இல்லை. பாலத்துக்கே போயிடலாம்” என்றாள் ரங்கூன்காரி.

நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “போய்ப் பாப்பம். தண்ணி கூடவெண்டால் திரும்பி வருவம்” என்றேன்.

போய்ப் பார்த்தோம். இடப்பக்கம் ஆறு ஏரிபோல் விரிந்து கிடந்தது. வலப்பக்கம் கடல். இரண்டுக்கும் நடுவே வெள்ளை மணல்திட்டு நீண்டு போய், ஓரிடத்தில் அறுந்திருந்தது. அறுந்த இடம் ஐம்பது அறுபது அடி அகலம் இருக்கும். அக்கரையில் ஒரு மனிதர் முழங்கால் தண்ணீரில் நின்று வலை வீசிக்கொண்டிருந்தார். அவருக்கு முழங்கால் என்றால் நமக்கும் முழங்கால்தானே? ரங்கூன்காரி மறுபடியும் வேண்டாம் என்றாள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் இறங்கினேன். மயிலாப்பூர்க்காரி என் பின்னால் இறங்கினாள்.

கடல் எனக்குத் தெரியும். கடலில் அலை வரும், போகும். நடுவில் மூச்சுவிட நேரம் கொடுக்கும். இந்தத் தண்ணீர் நேரம் கொடுக்கவில்லை. கடல் ஏறும் வேளை அது. கடல் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக ஆற்றுக்குள் நுழைந்து ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. பாதி தூரத்தில் முழங்கால் இடுப்பாயிற்று. காலடி மணல் கரைந்து ஓடியது. நின்றால் குழி விழுந்தது. என்னைவிடக் குள்ளமான மயிலாப்பூர்க்காரிக்கு மார்பு வரைக்கும் தண்ணீர். அவள் கால் இடறி உள்ளே போனாள். கையைப் பிடித்து இழுத்தேன். இருமிக்கொண்டு எழுந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அதற்குமேல் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. என் செருப்புகள் எப்போது போயின என்று எனக்குத் தெரியாது.

ரங்கூன்காரி இன்னும் இக்கரையில்தான் நின்றாள். அவள் கத்தவில்லை. நாங்கள் கரையில் வைத்துவிட்டு இறங்கிய கைப்பைகளோடு தன் பையையும் சேர்த்துக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு நேராக எங்களை நோக்கி வராமல், கடல் பக்கமாகச் சில அடிகள் மேலே போய் அங்கிருந்து இறங்கினாள். தண்ணீரே அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பக்கம் கொண்டுவந்து சேர்த்தது.

வந்ததும் தன் முந்தானையை மயிலாப்பூர்க்காரியின் இடுப்பில் சுற்றி முடிந்தாள். அவளுடைய முந்தானையை என் இடுப்பில் முடிந்தாள்.

“தண்ணியப் பாக்காதீங்க. தலை சுத்தும். அந்தக் கட்டுமரம் தெரியுதுல்ல? அதையே பாருங்க.”

“திரும்பிடலாம்டி” என்று மயிலாப்பூர்க்காரி அழுதாள்.

“திரும்பக் கூடாது. பின்னாடி இப்ப இன்னும் ஆழமாயிருக்கும். எதிர்த்து நிக்காதீங்க. ஆத்துப் பக்கமா சாஞ்சு நடங்க, அங்க அகலம், தண்ணி கம்மியாகும். ஒரு கால் ஊனினப்புறம்தான் அடுத்த கால். நான் சொல்றப்ப மட்டும் எடுத்து வைங்க.”

“இப்ப” என்பாள். ஒரு அடி வைப்போம். நிற்போம். “இப்ப” என்பாள். அவள் குரல் வகுப்பில் வருகைப் பதிவுக்குப் பதில் சொல்லும் குரலைவிட உயரவில்லை. எத்தனை ‘இப்ப’ என்று நான் எண்ணவில்லை. தண்ணீர் மார்பிலிருந்து இடுப்புக்கு இறங்கியபோது வலை வீசியவர் எங்களைப் பார்த்துவிட்டார். வலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அவர் பின்னால் ஒரு பெண்ணும் சேலையோடு தண்ணீரில் இறங்கி வந்தாள். இருவரும் எங்களைக் கையைப் பிடித்துக் கரையேற்றினார்கள்.

கரையில் விழுந்து கிடந்தோம். அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“இன்னாம்மா இது! பட்ச்ச பொண்ணுங்கதான நீங்க? தண்ணி ஏறிக்கினு கீற நேரத்துல எறங்குவாங்களா? இன்னா நென்ச்சிக்கினு எறங்குனீங்க?”

மயிலாப்பூர்க்காரிக்குத்தான் முதலில் வாய் வந்தது. எழுந்து உட்கார்ந்து, “ஐயையோ, நாழியாயிடுத்து, ஆத்துல தேடுவா!” என்று அழ ஆரம்பித்தாள்.

“ஆத்துல ஏம்மா தேடப் போறாங்க? அதான் கரைக்கு வந்துட்டியே!” என்றாள் அந்த அம்மாள்.

ரங்கூன்காரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது. கடைசியில் அழுதுகொண்டிருந்தவளும் சேர்ந்துகொண்டாள். மூவரும் ஈர மணலில் உட்கார்ந்து சிரித்தோம். வலைக்காரர், “பயத்துல இப்டிதான் ஆவும், வுடு” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வலையை எடுக்கப் போனார்.

அவர்களுடைய குடிசைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. “குந்துங்க” என்று பாய் போட்டாள். அவளிடம் காய்ந்த சேலை ஒன்றுதான் இருந்தது. குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்த மயிலாப்பூர்க்காரிக்கு அதைக் கொடுத்தாள். வெல்லம் போட்ட கறுப்புக் காபி கொடுத்தாள். கருவாட்டு வாசனை நிறைந்த அந்தக் குடிசையில், மீன்காரியின் சேலையைச் சுற்றிக்கொண்டு, அவளுடைய தகரக் குவளையில் மயிலாப்பூர்க்காரி காபி குடித்தாள். ஒரு குவளை முடிந்ததும், “இன்னும் கொஞ்சம் கெடைக்குமா?” என்று கேட்டாள்.

“குடி கண்ணு, நெறைய கீது” என்றாள் அந்த அம்மாள்.

புறப்படும்போது தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றப் போனாள் மயிலாப்பூர்க்காரி. அந்த அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. “இன்னா பண்ற நீ? பத்திரமா வூட்டுக்குப் போ. சேலைய அப்பால கொண்டாந்து குடு, போதும்” என்றாள்.

ஆறு மணி அங்கேயே ஆகிவிட்டது. இனி அவசரப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்ததும் மெதுவாகவே நடந்தோம். எனக்குக் கால் வெறுங்கால். சாந்தோமைத் தாண்டியதும் மயிலாப்பூர்க்காரி, “உனக்கு இதெல்லாம் எப்படிடி தெரியும்?” என்று கேட்டாள்.

ரங்கூன்காரி தன் ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டே நடந்தாள்.

“வர்ற வழியில மூணு ஆறு. பெரிய ஆத்துக்கெல்லாம் படகு இருந்துச்சு. ஒண்ணுக்கு மட்டும் இல்ல. ஜனங்க ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கிட்டு எறங்கினாங்க. எங்களுக்குக் கயிறு கெடைக்கல. அம்மா பெட்டியைத் தொறந்து பட்டுச் சேலையை எடுத்தாங்க. அப்பா முன்னால, அம்மா பின்னால, நானும் தம்பியும் நடுவுல. அம்மாதான் ‘இப்ப, இப்ப’ன்னு சொல்லிக்கிட்டே வந்தாங்க.”

“எல்லாரும் தாண்டிட்டேளா?”

“தாண்டிட்டோம். அம்மா அதுக்கப்புறம் ஒன்பது நாள் இருந்தாங்க. காய்ச்சல்.”

லஸ் முனையில் விளக்குகள் ஏற்றியிருந்தார்கள். மயிலாப்பூர்க்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மறுகையைப் பிடித்துக்கொண்டேன். அப்படியே மூன்று பேரும் தெருவை அடைத்துக்கொண்டு நடந்தோம். சைக்கிள்காரர்கள் மணியடித்துத் திட்டிக்கொண்டு விலகிப் போனார்கள்.

மயிலாப்பூர்க்காரியை அவள் வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் விடுதிக்குள் நுழைந்தபோது ஏழாகப் பத்து நிமிஷம். வார்டன் வாசலில் நின்றிருந்தார். கண்டிப்பானவர். ஈரச் சேலையையும் என் வெறுங்காலையும் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்காமல் வெந்நீர் போடச் சொன்னார். மிளகு ரசம் கொண்டுவரச் சொன்னார். குளித்து, சாப்பிட்டு, தலை துவட்டிய பிறகுதான் அறைக்குக் கூப்பிட்டார். நான் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். இவள் வேண்டாம் என்று தடுத்தாள், நான்தான் இறங்கினேன் என்றும் சொன்னேன். எனக்கு ஒரு மாதம் வெளியே போகத் தடை. “நீ போகலாம், உனக்குத் தண்டனை இல்லை” என்று ரங்கூன்காரியிடம் சொன்னார்.

“இவ போகலைன்னா நானும் போகலை மேடம்” என்றாள் அவள்.

போஸ்ட் மாஸ்டர் சொன்ன தேதியில் வந்தார். வார்டன் தனி அனுமதி கொடுத்து, காவலாளியையும் கூட அனுப்பினார். எழும்பூரில் அவர் தங்கியிருந்த சத்திரத்துக்குப் போனேன். சிதம்பரத்தில் நடந்த நடையில் அவருக்குக் கால் வீங்கிப்போய்விட்டது. இரண்டு நாளும் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. தைலம் வாங்கிக் கொடுத்தேன். பட்டணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே ஆரம்பித்து, தாமரை இல்லாத குளத்தையும் வடக்கே இருக்கிற கலங்கரை விளக்கத்தையும் சொன்னேன். “கொப்பரிட்டை நானொண்டும் சொல்லமாட்டன் பிள்ளை” என்றார்; அப்பாவிடம் சொல்லமாட்டாராம். அதற்குப் பிறகு அப்பாவுக்கு நானே எழுதிவிட்டேன். ஆற்றில் இறங்கியதை மட்டும் எழுதவில்லை.

அந்த ஒரு மாதத்தின் சனிக்கிழமைகளைத்தான் நான் இப்போது அதிகம் நினைத்துக்கொள்கிறேன். மயிலாப்பூர்க்காரி சனிக்கிழமை தவறாமல் வந்துவிடுவாள். குப்பத்துச் சேலையைத் துவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்த கதையை முதல் சனிக்கிழமை சொன்னாள். அவளுடைய அம்மாவும் கூடப் போனாளாம். குடிசைக்கு வெளியே நின்றபடியே வெகுநேரம் நன்றி சொன்னாளாம். பார்வையாளர் கூடத்து பெஞ்சில் மூவரும் உட்கார்ந்திருப்போம். அவள் கொண்டுவந்த தேன்குழலைத் தின்றுகொண்டே ரங்கூன்காரி கொஞ்சம் கொஞ்சமாகத் தன் ஊரைப் பற்றிச் சொல்வாள். தெருவில் விற்கும் நூடுல், தண்ணீர் ஊற்றி விளையாடும் திருவிழா, வீட்டுக்கு எதிரே இருந்த பொன் கோபுரம். அம்மாவைப் பற்றியும் சொல்வாள். அம்மா பாடும் பாட்டு, அம்மா பர்மாக்காரர்களோடு பேரம் பேசும் விதம். ஆற்றைப் பற்றி மறுபடி பேசியதில்லை.

அவளுடைய அப்பா மறுபடி ரங்கூனில் வேலைக்குச் சேர்ந்து, அடுத்த வருஷம் அவளையும் தம்பியையும் கூப்பிட்டுக்கொண்டார். படிப்பு பாதியில் நின்றது. கப்பல் ஏற்றிவிட நாங்கள் இருவரும் துறைமுகத்துக்குப் போனோம். அவள் தம்பி அவளைவிட உயரமாக வளர்ந்திருந்தான். கப்பலுக்கு ஏறும் பலகைப் பாலத்தில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. அவள் தகரப் பெட்டியை ஒரு கையிலும் தம்பியின் மணிக்கட்டை மறுகையிலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக நிதானமாக ஏறிப் போனாள். மேலே போய்ச் சேர்ந்ததும் கைப்பிடி அருகில் வந்து நின்று எங்களைத் தேடினாள். மயிலாப்பூர்க்காரி குடையைத் தூக்கி ஆட்டினாள். அவள் எங்களைக் கண்டுகொண்டாள்.